படம் வரையத் தெரியாத பொம்மைப் பட டைரக்டர்

போன வருஷம் கார்த்திகை மாதம். வெளியே விட்டு விட்டு மழை. கூடத்தில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு முருங்கைக் கீரை உருவிக் கொண்டிருந்தேன். காலேஜில் இரண்டாம் வருஷம் படிக்கும் என் மகளுக்கு மழை லீவு. தன் லாப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து என் எதிரே வைத்தாள்.

"அம்மா, இதைக் கொஞ்சம் பாரேன்."

எட்டிப் பார்த்தேன். பொம்மைப் படம்!

"ஏண்டி, கார்ட்டூன் பார்க்கிற வயசா உனக்கு? வந்து இந்தக் கீரையில பாதியை உருவிக் கொடு."

"பத்து நிமிஷம் பாரும்மா. பிடிக்கலைன்னா நிறுத்திடறேன்."

பூனை எலியைத் துரத்தும், எலி பூனையின் வாலில் பட்டாசு கட்டும் என்று நினைத்துக் கொண்டு பார்த்தேன். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. ஜப்பானில் 1966-ல் ஒரு நடுத்தரக் குடும்பம். பாட்டி, அப்பா, அம்மா, மூன்று பெண்கள். வீட்டுக்கு முதல்முதலாக ஒரு முழு அன்னாசிப் பழம் வந்திருக்கிறது. தகர டப்பாவில் சர்க்கரைப் பாகில் ஊறி வருகிற அன்னாசியைத்தான் அவர்களுக்குத் தெரியும். பழத்தை எப்படி நறுக்குவது என்று வீட்டில் ஒருத்தருக்கும் தெரியவில்லை! மூத்தவள் எங்கேயோ கேட்டுத் தெரிந்துகொண்டு வந்து நறுக்குகிறாள். எல்லாரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து வாசனை பிடிக்கிறார்கள். ஆளுக்கொரு துண்டு. கடிக்கிறார்கள். மெல்லுகிறார்கள். யாரும் பேசவில்லை. பழம் கடுக்கென்று இருக்கிறது, இனிப்பும் இல்லை. அக்காமார் தங்கள் துண்டைக் கடைக்குட்டியிடம் தள்ளிவிட்டு, என்ன இருந்தாலும் வாழைப்பழம் போல வராது என்று எழுந்து போய்விடுகிறார்கள். ஆசைப்பட்டுக் கேட்ட கடைக்குட்டி மட்டும், "நல்லாத்தான் இருக்கு" என்ற முகத்தோடு விடாமல் மென்று கொண்டே இருக்கிறாள்.

அவ்வளவுதான் காட்சி. சண்டை இல்லை, பாட்டு இல்லை. என் கீரை அப்படியே மடியில் கிடந்தது.

ஆசையாகச் செய்த பலகாரம் சரியாக வராமல், செய்தவள் மட்டும் ஒன்றும் ஆகாத மாதிரி உட்கார்ந்து சாப்பிட்ட நாள் எந்த வீட்டில் இல்லை? "இதை எடுத்தது யாருடி? பொம்பளையா?" என்று கேட்டேன். இல்லையாம். இஸாவோ தகாஹாட்டா என்ற ஆண்பிள்ளை. அதைவிட ஆச்சரியம், ஐம்பது வருஷத்துக்கு மேல் பொம்மைப் படம் எடுத்த அந்த மனிதர் படம் வரைகிறவரே இல்லையாம்!

அன்று ஆரம்பித்ததுதான். ஆங்கில எழுத்து ஓடும் வேகத்துக்கு எனக்குப் படிக்க வராது. மகள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, ஒரு வருஷமாக அவர் படங்களாகப் பார்த்துக் கொண்டிருக்கிறேன்.

* * *

தகாஹாட்டா 1935 அக்டோபர் 29-ல் பிறந்தவர். ஏழு பிள்ளைகளில் கடைசி. ஒகயாமா என்ற ஊரில் வளர்ந்தார். 1945 ஜூன் 29, விடிவதற்கு முன்பு, அந்த ஊர் மேல் அமெரிக்க விமானங்கள் தீக்குண்டு மழை பொழிந்தன. ஒரே இரவில் 1,700-க்கும் மேற்பட்டவர்கள் செத்துப் போனார்கள். ஒன்பது வயதுப் பையன் தூங்குகிற உடுப்போடு, காலில் செருப்புக்கூட இல்லாமல், ஓர் அக்காவோடு ஓடியிருக்கிறான். வீட்டார் இருக்கிறார்களா இல்லையா என்றே தெரியாமல் அலைந்து, இரண்டு நாள் கழித்துத்தான் மற்றவர்களைக் கண்டான். அந்த இரவை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள், பின்னால் வரும்.

டோக்கியோ பல்கலைக்கழகத்தில் அவர் படித்தது பிரெஞ்சு இலக்கியம். பால் க்ரிமோ என்ற பிரெஞ்சுக்காரர் எடுத்த பொம்மைப் படம் ஒன்றைப் பார்த்துவிட்டு, இதில் பெரியவர்களுக்கான விஷயத்தைக்கூடச் சொல்லலாம் போலிருக்கிறதே என்று தோன்றி, 1959-ல் டோயெ கம்பெனியில் உதவி டைரக்டராகச் சேர்ந்தார். காலையில் தாமதமாக ஓடிவந்து, இருக்கையில் உட்கார்ந்தபடியே ரொட்டியை அவசர அவசரமாகத் தின்பாராம். நாம் 'லபக் லபக்' என்று சொல்வதை ஜப்பான்காரர்கள் 'பாகு பாகு' என்பார்கள். அதனால் கடைசி வரை கூட வேலை செய்தவர்களுக்கு அவர் 'பாகு-சான்'!

வரையாதவர் எப்படி டைரக்டராக முடியும்? எனக்கும் முதலில் புரியவில்லை. அப்புறம் எங்கள் பெரியம்மாவை நினைத்துக் கொண்டேன். எந்தக் கல்யாணத்திலும் அவர் கரண்டியைத் தொட்டதில்லை. ஆனால் அடுப்படிப் பக்கம் நடந்து போனாலே சாம்பாரில் உப்பு குறைச்சல் என்று வாசனையில் சொல்லிவிடுவார். தகாஹாட்டாவும் அப்படித்தான் போலிருக்கிறது. தாமே வரைகிற டைரக்டர் தம் கைக்கு வருகிற மாதிரிதான் யோசிப்பார். இவருக்குச் சொந்தக் கை என்று ஒன்று இல்லை. ஆகவே கதைக்கு எந்த மாதிரி கோடு வேண்டுமோ, அந்தக் கோடு போடத் தெரிந்தவரைத் தேடிப் பிடித்தார். அதனால்தான் அவருடைய ஒரு படம் மாதிரி இன்னொரு படம் இருப்பதில்லை.

டோயெயில் தொழிலாளர் சங்கம் பலமாக இருந்தது. தகாஹாட்டா சங்கத்தில் துணைத் தலைவர்; அவரைவிட ஐந்து வயது இளையவரான ஹயாவோ மியாசாகி செயலாளர். குழந்தை பிறந்தால் பெண்கள் வேலையை விட்டுவிட வேண்டும் என்று எதிர்பார்க்கப்பட்ட காலம் அது. ரெய்கோ ஒகுயாமா என்ற ஓவியர் அதை எதிர்த்து நின்றார். கல்யாணமாகிக் குழந்தை பிறந்த பிறகும் தம் மேஜையை விடவில்லை. தகாஹாட்டாவின் முதல் படத்தில் அவர் முக்கியமான ஓவியர்களில் ஒருவர். அவர் கணவர் யோய்ச்சி கோடாபேயும் அதே தொழில்தான். இவரைப் பற்றிப் படித்துவிட்டு என் மகளிடம் நான்கு தடவை சொல்லிவிட்டேன்.

அந்த முதல் படம் 'ஹோருஸ்'. 1968-ல் வந்தது. மூன்று வருஷம் இழுத்தடித்து, செலவு ஏறி, வெளிவந்த கொஞ்ச நாளிலேயே தியேட்டரை விட்டுப் போய்விட்டது. இன்று அதைக் கொண்டாடுகிறார்கள். அன்று தோல்விதான். டோயெயில் அதற்குப் பிறகு அவருக்கு ஒரு முழுப் படம் கிடைக்கவில்லை.

* * *

1971-ல் தகாஹாட்டா, மியாசாகி, கோடாபே மூவரும் டோயெயை விட்டு வெளியே வந்தார்கள். ஸ்வீடன் நாட்டு எழுத்தாளர் ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரெனின் 'பிப்பி' கதையை எடுப்பதாகத் திட்டம். அந்த அம்மாள் அனுமதி தரவில்லை. போட்ட உழைப்பெல்லாம் வீண் என்று உட்கார்ந்துவிடாமல், அதில் மிஞ்சிய யோசனைகளை வைத்து 1972-ல் 'பாண்டா கோபாண்டா' என்று ஒரு குட்டிப் படம் எடுத்தார்கள். தனியாக இருக்கும் சிறுமி வீட்டுக்கு அப்பா பாண்டாவும் குட்டிப் பாண்டாவும் குடித்தனம் வருகிற கதை. இரண்டு பேருக்கும் அப்போது வீட்டில் சின்னக் குழந்தைகள். சிரித்துக்கொண்டே பார்க்கலாம்.

அதற்கப்புறம்தான் 'ஹைடி'. 1974 ஜனவரி முதல் டிசம்பர் வரை வாரம் ஒன்றாக 52 பாகம், டி.வி.யில். ஜொஹானா ஸ்பைரியின் கதையை நம்மில் பலர் பள்ளியில் துணைப்பாடமாகப் படித்திருப்போம். அனாதைப் பெண் ஆல்ப்ஸ் மலையில் தாத்தாவோடு வாழ்கிற கதை. யந்திர மனிதர்களும் விளையாட்டு வீரர்களும் டி.வி.யில் கொடிகட்டிப் பறந்த சமயத்தில், ஒரு சிறுமி ஆட்டுப்பால் குடிப்பதையும் வைக்கோலில் படுக்கை போடுவதையும் ஒரு வருஷம் காட்டப் போகிறேன் என்று சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

சினிமாவில் ஒரு நொடிக்கு 24 சட்டம் ஓடும். டி.வி. பொம்மைப் படத்தில் சிக்கனத்துக்காக மூன்று சட்டத்துக்கு ஒரே படத்தை வைத்து ஓட்டுவார்கள். அப்படியும் ஒரு பாகத்துக்கு ஆயிரக்கணக்கில் வரைய வேண்டும். கைகால் ஆட்டிக் குதிப்பதை வரைவது ஒன்றும் பெரிய வித்தை இல்லையாம். உட்காருவது, எழுவது, வாளியைத் தூக்குவது, மெல்லுவது, இதெல்லாம்தான் கஷ்டம். தினம் நாம் செய்கிற வேலையாயிற்றே, கொஞ்சம் பிசகினாலும் பார்க்கிறவர்களுக்குத் தெரிந்துவிடும். இவர்கள் முன்கூட்டியே சுவிட்சர்லாந்துக்குப் போய் மலையையும் வீட்டையும் பார்த்துக் குறித்துக்கொண்டு வந்தார்கள். உருவங்களை வடிவமைத்தவர் கோடாபே. ஒவ்வொரு காட்சியிலும் யார் எங்கே நிற்கிறார்கள், ஜன்னல் எங்கே, அடுப்பு எங்கே என்று 52 பாகத்துக்கும் மியாசாகி ஒருவரே வரைந்து கொடுத்தார்.

தாத்தா ஒரு கட்டி சீஸை நெருப்பில் வாட்டுகிறார். விளிம்பு மெதுவாக உருகி, பளபளத்து, வழிகிறது. அதை ரொட்டியில் தடவிக் கொடுக்கிறார். ஹைடி இரண்டு கையாலும் பிடித்துக் கடிக்கிறாள். ஜப்பானில் அந்தக் காலத்துக் குழந்தைகள் இன்று வயதான பிறகும் இந்தக் காட்சியைத்தான் முதலில் சொல்கிறார்களாம். நான் சீஸ் சாப்பிடுகிறவள் இல்லை. ஆனாலும் நாக்கில் ஊறியது.

பிறகு 1976-ல் ஜெனோவாவிலிருந்து அர்ஜென்டினா வரை அம்மாவைத் தேடிப் போகும் மார்க்கோவின் கதை, 1979-ல் சிவப்புத் தலைமுடிக்காரி ஆன் கதை. இதில் ஒன்று சொல்ல வேண்டும். புத்தகத்தில் ஆன் பேசப் பேச நாம் அவள் பக்கம் சாய்ந்துவிடுவோம். தகாஹாட்டாவின் படத்திலோ, அவளை வளர்க்கிற மரில்லா என்ன பாடுபடுகிறாள் என்பதும் கூடவே தெரிகிறது. ஓயாமல் பேசுகிற பெண்ணை வைத்துக்கொண்டு வீட்டு வேலையும் பார்க்கிற அந்த அம்மாளின் முகத்தில் வருகிற களைப்பு... அதை எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

* * *

1985-ல் மியாசாகி முதலானவர்களோடு 'ஜிப்லி' ஸ்டுடியோ ஆரம்பமானது. 1988 ஏப்ரல் 16 அன்று ஜிப்லியின் இரண்டு படங்கள் ஒரே டிக்கெட்டில் திரையிடப்பட்டன. ஒன்று மியாசாகியின் 'டோடோரோ', குழந்தைகள் குதூகலிக்கிற படம். மற்றது தகாஹாட்டாவின் 'மின்மினிகளின் கல்லறை'. இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிட்டு வெளியே வந்த தாய்மார்கள் என்ன நிலையில் வந்தார்களோ!

அகியுகி நொசாகா என்ற எழுத்தாளர் 1967-ல் எழுதிய கதை அது. போரின் கடைசியில் அவருடைய வளர்ப்புத் தங்கை பட்டினியில் இறந்தாள். கதையில் வரும் அண்ணன் அளவுக்குத் தான் அவளிடம் பரிவாக நடக்கவில்லை என்று அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். 1945 ஜூனில் கோபே நகரத்தில் குண்டு விழுந்து தாயை இழந்த ஸெய்டா என்ற பதினாலு வயதுப் பையன், நாலு வயதுத் தங்கை ஸெட்சுகோ. இவர்கள் தூரத்து உறவுக்காரப் பெண்மணி வீட்டில் ஒண்டிக் கொள்கிறார்கள். செத்துப்போன தாயின் கிமோனோக்களை விற்று அரிசி வாங்குகிறாள் அந்தப் பெண்மணி. அன்றைக்கு வெள்ளைச் சோறு. பிறகு நாளாக ஆகக் கஞ்சி.

கஞ்சி ஊற்றும் இடத்தை என் மகள் கவனிக்கவே இல்லை. எனக்கு மட்டும் பளிச்சென்று பட்டது. தன் பெண்ணுக்கு ஊற்றும்போது கரண்டி பானையின் அடிக்குப் போய்த் துழாவி வருகிறது. இந்தப் பிள்ளைகளுக்கு ஊற்றும்போது மேலாக நிற்கிற தண்ணீரில் தோய்ந்து வருகிறது. ஒரு வார்த்தை இல்லை. கூட்டுக் குடும்பத்தில் சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்குக் கரண்டியின் பாஷை தெரியும். தகாஹாட்டாவுக்கும் தெரிந்திருக்கிறது!

மகளுக்கு அந்தப் பெண்மணி மேல் ஒரே கோபம். "ராட்சசி" என்றாள். என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை. ரேஷன் அரிசியில் வேலைக்குப் போகிறவர்களுக்கு முதலில் போட்டுவிட்டு, சும்மா படுத்திருக்கிற பதினாலு வயசுப் பையனைப் பார்த்து நாலு வார்த்தை சொல்லாதவள் எத்தனை பேர்? அந்தப் பையனும் ரோஷக்காரன். பேச்சு தாங்காமல் தங்கையைக் கூட்டிக்கொண்டு ஏரிக்கரைப் பதுங்கு குழிக்குக் குடிபோய்விடுகிறான். யாரையும் அண்டாமல் தனியாக இருந்துவிடலாம் என்று நினைக்கிற இந்தக் காலத்துப் பிள்ளைகளைப் போல இருக்கிறான் ஸெய்டா என்று தகாஹாட்டாவே சொல்லியிருக்கிறார். இதை வெறும் போர் எதிர்ப்புப் படம் என்று சொன்னால் அவருக்குப் பிடிக்காதாம்.

ஸெட்சுகோவுக்கு முதலில் உடம்பெல்லாம் வேனல் கட்டி மாதிரி தடிப்பு. பிறகு நிற்காத வயிற்றுப்போக்கு. வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு போனால், மருந்து ஒன்றும் இல்லை, சத்தான ஆகாரம் கொடு என்று சொல்லி அனுப்புகிறார். சத்தான ஆகாரத்துக்கு எங்கே போவது? குழந்தை கோலிக்குண்டை மிட்டாய் என்று வாயில் போட்டுக் கொள்கிறாள். மண்ணை உருண்டை பிடித்து அண்ணனுக்குச் சோறு என்று நீட்டுகிறாள்... இதற்குமேல் எழுத எனக்குக் கை வரவில்லை.

குழந்தைக்குக் குரல் கொடுத்தது ஐந்தாறு வயதுச் சிறுமிதான். ஜப்பானில் படத்தை வரைந்து முடித்துவிட்டு அதற்கேற்பப் பேச வைப்பதே வழக்கம். சின்னக் குழந்தையை அப்படிப் பேச வைக்க முடியுமா? அவளைப் பேசவிட்டுப் பதிவு செய்து, அதற்கேற்ப வாயசைவை வரைந்தார்கள். வர்ணங்களை முடிவு செய்தவர் மிச்சியோ யசுதா என்ற பெண்மணி. டோயெ நாளிலிருந்து அவர்களோடு இருந்தவர். இந்தப் படத்தில் உருவங்களின் ஓரக்கோடு வழக்கமான கறுப்பில் இல்லை, பழுப்பில் இருக்கிறது. அதனால்தானோ என்னவோ எல்லாரும் பழைய போட்டோவில் இருப்பவர்கள் போலத் தெரிகிறார்கள். தீ வைத்த விமானங்கள் எந்தத் திசையிலிருந்து வந்தன என்பதுவரை விசாரித்து வரைந்திருக்கிறார்கள். செருப்பில்லாமல் ஓடிய ஒன்பது வயதுப் பையன் அல்லவா எடுக்கிறான்!

* * *

அன்னாசிப்பழப் படத்துக்கு வருகிறேன். அதன் பெயர் 'ஒமோய்தே பொரோபொரோ', 1991. ஒமோய்தே என்றால் நினைவு. பொரோபொரோ என்பது கண்ணீர் சொட்டுச் சொட்டாக உதிர்வதற்கு அவர்கள் சொல்லும் வார்த்தை. நாம் பொலபொலவென்று என்கிறோமே, கிட்டத்தட்ட அதேதான்! அந்த வருஷம் ஜப்பானில் வந்த உள்நாட்டுப் படங்களில் அதிகம் வசூலானது இதுதானாம்.

டாயெகோவுக்கு 27 வயது. டோக்கியோவில் ஆபீஸ் வேலை. கல்யாணம் ஆகவில்லை. லீவு போட்டுக்கொண்டு யமகட்டா என்ற கிராமப் பக்கம் குசும்பாப் பூ பறிக்கப் போகிறாள். ரயிலில் ஏறியதும் ஐந்தாம் வகுப்பு படித்த டாயெகோ கூடவே வந்து உட்கார்ந்து கொள்கிறாள். மூலக் கதையில் சிறுமி மட்டும்தான் இருந்தாளாம். 27 வயதுப் பெண்ணைச் சேர்த்தது தகாஹாட்டா. சிறுமியின் காட்சிகள் ஓரம் வெளுத்து, நீர்வர்ணத்தில் நனைந்த மாதிரி இருக்கும். பெரியவளின் காட்சிகளில் செடி, மண், பனி எல்லாம் தொட்டுப் பார்க்கலாம் போல இருக்கும். சிரித்தால் கன்னத்தில் கோடு விழுகிறது! பொம்மைப் படத்துக் கதாநாயகிக்குக் கன்னத்தில் கோடு விழுந்து நான் பார்த்ததில்லை. என் மகளுக்கு அது பிடிக்கவில்லை, வயசாகத் தெரிகிறதாம். 27 வயசுக்காரி சிரித்தால் விழத்தான் செய்யும், உனக்கும் விழும் என்றேன்.

குசும்பாப் பூவில் முள் உண்டு. அந்தக் காலத்தில் பெண்கள் வெறுங்கையால் பறித்து, முள் குத்தி ரத்தம் கசிந்து, அதனால் சிவப்பு இன்னும் கூடியது என்று ஒரு பேச்சு உண்டாம். அந்தச் சிவப்பை உதட்டில் பூசிக்கொண்டது வேறு யாரோ சீமாட்டிகள். பறித்தவர்கள் ஒருநாளும் பூசியதில்லை. இதைப் போகிற போக்கில் சொல்லிவிட்டு நகர்கிறது படம்.

பள்ளியில் பெண் குழந்தைகளை மட்டும் தனியாகக் கூப்பிட்டு மாதவிலக்கைப் பற்றிச் சொல்லிக் கொடுக்கிறார்கள். எப்படியோ பையன்களுக்குத் தெரிந்து கேலி செய்கிறார்கள். டாயெகோ ஜலதோஷத்துக்காக விளையாட்டு வகுப்பில் உட்கார்ந்திருக்கிறாள். தன்னையும் 'அது' என்று நினைத்துவிடுவார்களோ என்று அவளுக்கு உயிர் போகிறது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற தோழிக்கு நிஜமாகவே வந்திருக்கிறது. அவளோ கொஞ்சமும் கூசாமல் இருக்கிறாள். பத்து வயதுப் பெண் இருக்கிற தாய்மார்கள் மகளோடு உட்கார்ந்து பார்க்க இதைவிட நல்ல காட்சி எனக்குத் தெரிந்து இல்லை. அமெரிக்காவில் இந்தப் படம் தியேட்டருக்கு வர 2016 ஆயிற்று. இந்தக் காட்சிக்குக் கூச்சப்பட்டதுதான் காரணம் என்று சொல்கிறார்கள்.

அப்புறம் கணக்கு. பின்னத்தைப் பின்னத்தால் வகுக்கிற கணக்கில் டாயெகோ கோட்டை விடுகிறாள். மூன்றில் இரண்டு பங்கு ஆப்பிளை நாலில் ஒன்றால் வகு என்றால் என்ன அர்த்தம் என்று ஆப்பிளை வரைந்து வைத்துக்கொண்டு அக்காவைக் கேட்கிறாள். கீழே இருப்பதை மேலே போட்டுப் பெருக்கு, அவ்வளவுதான் என்கிறாள் அக்கா. சரியான கேள்விதானே அவள் கேட்டது? எனக்கும் இன்றுவரை பதில் தெரியாது! கதவுக்கு அந்தப் பக்கம் அம்மா சொல்கிறாள், இவள் மற்றவர்களைப் போல இல்லை என்று. சிறுமி கேட்டுக்கொண்டு நிற்கிறாள்.

இந்த இடத்தில் என் மகள் படத்தை நிறுத்தினாள்.

"நீயும் சொன்னே."

"என்ன சொன்னேன்? எப்போ?"

"அஞ்சாவது படிக்கறப்போ. கணக்குல பன்னெண்டு மார்க் வாங்கினேனே, அன்னைக்கு. எதிர் வீட்டு அக்காகிட்ட சுவத்துப் பக்கம் நின்னு, 'இது தேறாது அக்கா, மூளையே இல்லை'ன்னு சொன்னே. நான் தண்ணித் தொட்டி பின்னாடி இருந்தேன். பச்சைப் புடவை கட்டியிருந்தே, மாங்காய் பார்டர்."

எனக்குச் சுத்தமாக ஞாபகம் இல்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. அந்தப் புடவை மட்டும் ஞாபகம் இருக்கிறது. பாத்திரக்காரனிடம் போட்டு ஒரு எவர்சில்வர் டப்பா வாங்கிவிட்டேன். அதில்தான் இப்போது துவரம் பருப்பு இருக்கிறது.

"அப்படியா சொன்னேன்?" என்று கேட்டேன். "விடும்மா" என்று படத்தைத் திரும்ப ஓடவிட்டாள். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. படத்திலும் அந்த அம்மா கெட்டவள் இல்லை. மகளுக்காக நேரத்துக்குச் சோறு வைக்கிறாள், துவைக்கிறாள், கவலைப்படுகிறாள். கவலையில்தான் சொல்கிறாள். தகாஹாட்டா அவளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவும் இல்லை, தப்பித்துப் போக விடவும் இல்லை.

* * *

இவர் ஏதோ சாதுவான மனிதர் என்று நினைத்துவிடாதீர்கள். கூட வேலை செய்தவர்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. சொன்ன தேதியில் ஒரு படமும் முடியாது. 'மின்மினிகள்' படம் வெளியான அன்று சில காட்சிகளுக்கு வர்ணம்கூடப் பூசி முடிக்கவில்லை! மியாசாகி அவரைப் ஸ்லாத் என்ற பெரிய சோம்பேறி மிருகத்தின் வம்சம் என்று எழுதியிருக்கிறார். யனகாவா என்ற ஊரில் ஜனங்கள் சேர்ந்து சாக்கடையாகிப்போன கால்வாய்களைத் தூர்வாரி மீட்ட கதையை எடுக்கப் போய், 1987-ல் அது இரண்டே முக்கால் மணி நேர நிஜப் படமாக வந்து நின்றது. பணம் போட்ட மியாசாகிக்கு விழி பிதுங்கிவிட்டதாம். ராப்பகல் வரைந்த அந்த ஓவியர்களின் வீடுகளில் சாப்பாட்டை மூடி வைத்துக்கொண்டு எத்தனை பேர் காத்திருந்தார்களோ என்று எனக்குத் தோன்றும். நல்ல படத்துக்கு அந்த வீடுகளும் விலை கொடுத்திருக்கின்றன.

1994-ல் 'போம்போகோ', காட்டை அழித்து வீடு கட்டுகிறவர்களோடு மல்லுக்கட்டும் மிருகங்களின் கதை. எனக்கு அது கொஞ்சம் நீளம். 1999-ல் 'யமதா வீட்டார்'. பத்திரிகைத் துணுக்குச் சித்திரம் மாதிரி நாலு கோட்டில் ஒரு குடும்பம். இன்று என்ன சமைப்பது என்று தெரியாமல் அம்மா மோட்டுவளையைப் பார்க்கிற படம் என்று சொன்னாலே போதும், பார்த்துவிடுவீர்கள்.

அப்புறம் 14 வருஷம் முழுப் படம் எதுவும் வரவில்லை. 2013-ல், 78 வயதில், 'இளவரசி ககுயா'. மூங்கில் வெட்டும் கிழவருக்கு மூங்கிலுக்குள்ளிருந்து ஒரு குழந்தை கிடைக்கிற ஆயிரம் வருஷத்துப் பழங்கதை. வேலை நடந்தது எட்டு வருஷம். செலவு 500 கோடி யென். கரிக்கோடு அப்படியே தெரியும், வர்ணம் முழுக்க நிரம்பாமல் ஓரத்தில் வெள்ளைக் காகிதம் விட்டிருக்கும். குரலை முதலில் பதிவு செய்யும் பழக்கத்தால் ஒரு காரியம் நடந்தது. கிழவருக்குக் குரல் கொடுத்த டக்கியோ சிய் 2012-ல் காலமாகிவிட்டார். ஆனாலும் படத்தில் பெரும்பாலும் பேசுவது அவர்தான்.

கிழவரின் மனைவி குழந்தையைக் கையில் வாங்குகிறாள். பெற்றறியாத அந்தப் பாட்டிக்கு மார்பில் பால் சுரக்கிறது. குழந்தை குப்புறக் கவிழ்கிறது, தவளையைப் பார்த்துத் தவழ்கிறது, எழுந்து நிற்கிறது, இரண்டடி வைத்துத் தொப்பென்று உட்காருகிறது. ஒரு பக்கம் கிழவர், "இளவரசி, இங்கே வா" என்று கெஞ்சுகிறார். மறுபக்கம் ஊர்ப் பிள்ளைகள், "மூங்கில் குருத்தே, இங்கே வா" என்று கை தட்டுகிறார்கள். குழந்தை யார் பக்கம் போவது என்று தள்ளாடுகிறது. வீட்டில் கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் இந்த ஐந்து நிமிஷத்தை மட்டுமாவது பாருங்கள். தொடை மடிப்பும், பின்பக்கம் கனத்துச் சாய்வதும் அச்சு அசல்! எங்கேயோ ஒரு குழந்தையை நாள் கணக்கில் உட்கார்ந்து பார்க்காமல் இப்படி வரைய முடியாது.

பிறகு அவளைத் தலைநகருக்குக் கொண்டுபோய்ப் பட்டு உடுத்தி, புருவத்தைப் பிடுங்கி, சிரிக்காதே, ஓடாதே என்று உட்கார வைக்கிறார்கள். எல்லாம் அவள் நன்மைக்காகத்தான். செய்கிறவர் பாசமான அப்பாதான். அந்தப் பெரிய மாளிகையின் பின்கட்டில் பாட்டி மட்டும் பழைய குடிசை மாதிரி ஒரு சமையலறையும் சின்னத் தோட்டமும் வைத்துக் கொள்கிறாள். மகள் வந்து மூச்சுவிட அங்கேதான் இடம்.

இந்தப் படம் 2015-ல் ஆஸ்கார் பரிசுக்குப் பரிந்துரையானது. பரிசு கிடைக்கவில்லை. 2018 ஏப்ரல் 5-ல் தகாஹாட்டா காலமானார். வயது 82. மே மாதம் நடந்த அஞ்சலிக் கூட்டத்தில் மியாசாகி பேசினார். 1963-ல் ஒரு மழை நாள், பஸ் நிறுத்தத்தில் தாம் நின்றுகொண்டிருந்தபோது தண்ணீரில் சளப் சளப் என்று நடந்து வந்து பேச்சுக் கொடுத்த மனிதரைப் பற்றிச் சொல்லி அழுதார்.

இளம் தாய்மார்களுக்காக ஒரு வார்த்தை. நாலைந்து வயதுக் குழந்தைக்குப் 'பாண்டா'வும் 'ஹைடி'யும் போதும். பத்து வயதுக்கு மேல் பெண் பிள்ளை இருந்தால் 'ஒமோய்தே'யை நீங்களும் கூட உட்கார்ந்து பாருங்கள். ஏதாவது கேட்டால் படத்தை நிறுத்திவிட்டுப் பதில் சொல்லுங்கள். 'மின்மினிகள்' சின்னக் குழந்தைகளுக்கு வேண்டவே வேண்டாம். நீங்கள் பார்ப்பதானால் எல்லாரும் சாப்பிட்டு, பாத்திரம் கழுவிக் கவிழ்த்த பிறகு பாருங்கள். நான் தெரியாமல் சாயங்காலமே பார்த்துவிட்டு, அன்று ராத்திரி ரசம் ஊற்றும்போது ஒவ்வொருவருக்கும் கரண்டியை அடிவரை விட்டுத் துழாவிக் கொண்டிருந்தேன். "ரசத்துல என்ன தேடறே?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.